இரண்டு போத்தல், ஒரு கெடு

டென்மார்க்கின் புரொண்பியில் எங்கள் மருந்தகக் கவுண்டருக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: மூக்கடைப்பைத் திறக்கும் ஸ்பிரேயையும் ஸ்டீராய்டு ஸ்பிரேயையும் சேர்த்து அடிக்கலாமா? டேனிஷ்காரர் கேட்பார், துருக்கிக்காரர் கேட்பார், பாகிஸ்தான்காரர் கேட்பார். நம்மவர்கள் என்றால் என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “பிள்ளை, இரண்டையும் ஒண்டா அடிச்சால் ஏதும் செய்யுமோ?” என்பார்கள்.

பெரும்பாலானவர்கள் சேர்த்து அடிக்கலாம். அவை ஒன்றோடொன்று மோதும் மருந்துகள் அல்ல. ஆனால் ஒன்றுக்குக் கெடு வைக்க வேண்டும், மற்றதற்குப் பொறுமை வேண்டும். இதைச் சொல்லாமல் இரண்டு பெட்டிகளையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தால் வியாபாரம் முடிந்துவிடும், எங்கள் வேலை முடிந்திருக்காது. இத்தனை வருடக் கவுண்டர் வாழ்க்கையில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது இதைத்தான்.

நான் பார்மகொனோம். டென்மார்க்கின் மருந்தகங்களில் மருந்தை எடுத்துக் கொடுத்து, அதை எப்படிப் பாவிப்பது என்று சொல்லித் தருகிறவர்களில் பலர் இந்தப் படிப்புப் படித்தவர்கள். மூன்று வருடம். நான் படித்த காலத்தில் மருந்தகத்தில் வேலை பழகிக்கொண்டே இடையிடையே ஹில்லரொட் நகரத்துக்குப் போய் வகுப்பில் இருக்க வேண்டியிருந்தது. என் பெற்றோர் எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து யூலாந்துக்கு வந்தவர்கள். நான் வளர்ந்தது அங்குள்ள ஹேர்னிங்கில். வேலை என்னைக் கொப்பன்ஹேகனின் மேற்குப் புறநகருக்குக் கொண்டுவந்தது. உதைபந்தாட்டம் பார்க்கிறவர்களுக்கு மஞ்சளும் நீலமும் அணிந்த புரொண்பி அணி தெரிந்திருக்கும். எனக்குப் புரொண்பி என்றால் கடற்கரைப் பக்கத்தில் எழுபதுகளில் எழும்பிய அடுக்குமாடிகளும், அங்கிருந்து மஞ்சள் நிறச் சுகாதார அட்டையைக் கையில் பிடித்தபடி வரும் மனிதர்களும்தான்.

அந்த வீடுகளில் குளிர்காலம் முழுக்க ஜன்னல் மூடியிருக்கும். உள்ளே சோறு வேகும், கறி கொதிக்கும், துவைத்த துணி அறைக்குள்ளேயே காயும். ஈரம் வெளியே போக வழியில்லை. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சிகளுக்கு அந்த ஈரம்தான் உயிர். ஒக்டோபரில் தொடங்கிய “தடிமன்” மார்ச் வரைக்கும் விடவில்லை என்று ஒருவர் சொன்னால், அது தடிமனாக இருக்காது என்று எனக்குத் தோன்றும். சாதாரணத் தடிமன் ஒரு கிழமை, பத்து நாளில் வடிந்துவிடும். ஐந்து மாதம் நிற்பது பெரும்பாலும் ஒவ்வாமை, அல்லது நாள்பட்ட வேறொரு மூக்கு அழற்சி. அவருக்கு வேண்டிய போத்தல் வேறு. அவர் கையில் இருப்பது வேறு.

மூக்கு அடைப்பது சளியால் மட்டுமல்ல

மூக்கைச் சீறிச் சீறிப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். மூக்கின் உட்சுவரில் இருபுறமும் மடிப்புகள் உண்டு. அவற்றில் கீழே இருக்கும் பெரிய மடிப்புக்குள் இரத்தம் வந்து நிறையும் சிறுசிறு நாளங்கள் நெருக்கமாக இருக்கின்றன. அவை நிறைந்தால் மடிப்பு வீங்கும், காற்றுப் போகும் வழி குறுகும். அடைப்பின் பெரும்பகுதி இந்த வீக்கம். வீக்கத்தைச் சீறி வெளியே தள்ள முடியாது.

சுகமாக இருக்கிறவர்களிலும் பலருக்கு ஒரு நேரத்தில் ஒரு துளை நன்றாகத் திறந்தும் மற்றது சற்று அடைத்தும் இருக்கும். சில மணி நேரத்தில் அது மாறும். 1895இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை ஆராய்ந்து எழுதினார். நம் ஊரில் இடகலை, பிங்கலை என்று பிரித்துச் சரம் பார்த்தவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே மூச்சு பக்கம் மாறுவதைக் கவனித்து வைத்திருந்தார்கள். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கத் துளை அடைப்பதும் இயல்பு. இரவில் ஒரு துளை அடைத்தது என்பதற்காக மட்டும் ஸ்பிரே எடுக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டு வாங்க வந்த போத்தலைத் திரும்ப வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

விரைவாக வேலை செய்கிற போத்தல்

டென்மார்க்கில் அடைப்பு நீக்கி என்றால் பெரும்பாலும் சைலோமெட்டசோலின். சீமெலின், ஒட்ரிவின் என்ற பெயர்களில் எல்லோருக்கும் தெரியும். இந்தியாவில் நாசிவியான் என்ற பெயரில் விற்பது ஆக்சிமெட்டசோலின். அதுவும் அதே குடும்பம். அந்த மடிப்புகளில் உள்ள இரத்த நாளங்களை இவை சுருங்கச் செய்கின்றன. சில நிமிடங்களில் மூக்குத் திறக்கும், பல மணி நேரம் திறந்தே இருக்கும். தலை கனத்து, வாயால் மூச்சு வாங்கி, இரவு முழுக்கப் புரண்ட ஒருவருக்கு அந்த நிமிடம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குத் தெரியும். அந்த ஆறுதலை நான் யாரிடமிருந்தும் பறிக்க விரும்பியதில்லை.

நாட்கள் கூடும்போதுதான் தொல்லை. மருந்து திரும்பத் திரும்ப வந்து தட்டுவதால் நாளங்கள் அதற்குச் செவிசாய்ப்பதைக் குறைக்கின்றன. மருந்தின் பிடி விட்டதும் வீக்கம் முன்னைவிடக் கூடுதலாக எழும்புகிறது. முதலில் எட்டு மணி நேரம் நின்ற பலன் ஐந்தாகும், பிறகு மூன்றாகும். வட்டிக்கு வாங்கிய கடனைக் கட்ட மறுபடி கடன் வாங்குவது போல, மருந்தால் வந்த அடைப்பைத் தீர்க்க அதே மருந்தை அடிக்கிறார்கள். மருத்துவர்கள் இந்த நிலையை நாற்பதுகளிலேயே மருந்தால் வரும் மூக்கழற்சி என்று பெயரிட்டு எழுதிவிட்டார்கள். இதைப் பற்றித் தொண்ணூறுகளில் ஸ்டாக்ஹோமில் பீட்டர் கிராஃப் செய்த ஆய்வுகள் எங்கள் தொழிலுக்கு மிகவும் உதவின. ஒரு மாதம் தொடர்ந்து அடித்தவர்களுக்கு மருந்தை நிறுத்தியதும் வீக்கம் திரும்பியதையும், சில ஸ்பிரேக்களில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு அந்த வீக்கத்தைக் கூட்டக்கூடியது என்பதையும் அவர் காட்டினார்.

டென்மார்க்கில் சைலோமெட்டசோலினுக்குச் சொல்லப்படும் உச்சவரம்பு 10 நாள். அமெரிக்காவில் ஆக்சிமெட்டசோலின் பெட்டியில் 3 நாள் என்று எழுதியிருக்கும். ஒவ்வாமை மூக்கழற்சிக்கான பன்னாட்டு வழிகாட்டல் 5 நாளுக்குள் நிறுத்தச் சொல்கிறது. நான் கவுண்டரில் 5 நாள் என்று சொல்வேன். 10 என்பது கடைசி எல்லை. அதைத் தொட்டே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை.

2001இல் டென்மார்க் சில மருந்துகளை மருந்தகத்துக்கு வெளியேயும் விற்கலாம் என்று சட்டத்தைத் தளர்த்தியது. அதன் பிறகு இந்த ஸ்பிரே சூப்பர் மார்க்கெட்டிலும் பெட்ரோல் நிலையத்திலும் கிடைக்கத் தொடங்கியது. பாலும் பாணும் வாங்கும்போது ஒன்றைத் தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். நள்ளிரவில் காய்ச்சல் பிள்ளையோடு இருக்கும் தாய்க்கு அது நல்லதுதான். ஆனால், “எத்தனை நாளாக அடிக்கிறீர்கள்?” என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. ஆகவே ஒருவர் எங்களிடம் வரும்போது அந்தக் கேள்வியை நான் விட்டதே இல்லை.

கேட்டால்தான் மற்றவையும் வெளியே வரும். ஓர் அம்மா சீமெலினும் ஒட்ரிவினும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெயர் என்பதால் இரண்டு மருந்து என்று நினைத்திருந்தார். உள்ளே இருப்பது ஒன்றே. இன்னொருவர் பகலில் இங்கே வாங்கியதையும் இரவில் சென்னையிலிருந்து உறவினர் கொண்டுவந்த நாசிவியானையும் அடித்தார். வேறொரு வீட்டில் தாய், தகப்பன், பிள்ளை மூவருக்கும் ஒரே போத்தல். பெரியவர்களுக்கான போத்தலில் ஒரு மில்லிலீட்டருக்கு 1 மில்லிகிராம், பிள்ளைகளுக்கானதில் அதில் பாதி. இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் மருத்துவர் சொல்லாமல் அடிக்கவே கூடாது. ஒருவரின் மூக்கு நுனி தொட்ட போத்தல் இன்னொருவருக்குக் கிருமியையும் சேர்த்துக் கொடுக்கும். ஆளுக்கொரு போத்தல், பெயர் எழுதி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பயப்படுகிற போத்தல்

“ஸ்டீராய்ட் எண்டால் பயமாக் கிடக்கு அக்கா. எலும்பு கரையுமாம், முகம் ஊதுமாம்.”

நம்மவர்களிடம் இதைக் கேட்காத மாதமே இல்லை. பயத்துக்கு அடிப்படை உண்டு. மூட்டு வலிக்கும் இழுப்பு என்கிற ஆஸ்துமாவுக்கும் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை போட்டு உடம்பு மாறிப்போன உறவினர் பல வீடுகளில் இருக்கிறார்கள். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளாமல் அளவைச் சொல்லி விளக்குவேன். பிரெட்னிசொலோன் மாத்திரை ஒன்றில் 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம் இருக்கலாம். அது குடல் வழியே இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகும். மொமெட்டசோன் ஸ்பிரேயில் ஒரு அடிக்கு 50 மைக்ரோகிராம். துளைக்கு இரண்டு வீதம் ஒரு நாளைக்கு 200. இரண்டு மருந்தின் வீரியமும் ஒன்றல்ல என்பதால் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடக் கூடாது. முக்கியமானது இது: மொமெட்டசோனிலும் புளூட்டிகசோனிலும் இரத்தத்தைச் சென்றடைவது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. மிச்சம் மூக்கோடும் குடலோடும் ஈரலோடும் முடிந்துவிடும்.

இந்த இடத்தில் நாங்கள் இருக்கும் ஊரின் கதையும் வருகிறது. ஸ்டீராய்டை மூக்குக்குள் தெளிக்கும் முயற்சிகள் ஐம்பது, அறுபதுகளிலேயே நடந்தன. ஆனால் டெக்சாமெத்தசோன் போன்றவை இரத்தத்தில் அதிகம் கலந்து, தவிர்க்க நினைத்த கெடுதிகளையே கொண்டுவந்தன. கொப்பன்ஹேகனின் காது மூக்கு மருத்துவர் நீல்ஸ் மிகின்ட், இழுப்புக்காரருக்கு வந்திருந்த பெக்லோமெத்தசோனை மூக்குக்குள் தெளித்துப் பூந்தாது ஒவ்வாமை உள்ளவர்களிடம் சோதித்தார். 1973இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதன் முடிவை வெளியிட்டார். சிறிய அளவு, மூக்கோடு நிற்கும் பலன். இன்று உலகமெங்கும் ஒவ்வாமை மூக்குக்கு முதல் மருந்தாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேக்களின் வழி அங்கிருந்துதான் நீள்கிறது. நாங்கள் நிற்கும் கவுண்டரிலிருந்து சிறிது நேர ரயில் பயணத் தூரத்தில் நடந்த வேலை இது என்று சொல்லும்போது, கேட்பவர் முகத்தில் நம்பிக்கை கூடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பிரேக்குப் பயந்து ஊசிக்குப் போகிறவர்களிடம் இன்னும் அழுத்திச் சொல்வேன். பூந்தாதுக் காலத்தில் ஒரே ஊசியாக நீடித்து வேலை செய்யும் ஸ்டீராய்டைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இந்நாட்டில் இருந்தது. டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, அப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு எலும்புத் தேய்வும் நீரிழிவும் வரும் அபாயம் கூடுதல் என்று காட்டியது. ஆக, பயப்பட வேண்டியது உடம்பெல்லாம் பரவும் ஸ்டீராய்டுக்கு. மூக்கில் நிற்கும் ஸ்டீராய்டைச் சரியாக அடித்தால் மாதக்கணக்கிலும் பாவிக்கலாம்.

ஆனால் அது உடனே மூக்கைத் திறக்காது. அழற்சியை உண்டாக்கும் பொருட்களை உயிரணு தயாரிப்பதையே அது குறைக்கிறது. அதற்கு நேரம் எடுக்கும். சிலருக்குச் சில மணி நேரத்தில் தெரியத் தொடங்கும், முழுப் பலன் வர ஒரு கிழமை, இரண்டு கிழமை ஆகும். “இரண்டு நாள் அடிச்சன், ஒண்டும் செய்யேல்ல” என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். திரும்பவும் விரைவுப் போத்தலுக்கே போய்விடுவார்கள். பொறுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் பலர் பொறுத்திருப்பார்கள்.

இரண்டையும் சேர்க்கும் முறை

இரண்டையும் சேர்ப்பதன் பயன் இந்த இடைவெளியில்தான். ஸ்டீராய்டு பலன் தரத் தொடங்கும் வரையுள்ள முதல் சில நாட்களை விரைவு மருந்து கடத்திவிடும். வழி திறந்த மூக்குக்குள் ஸ்டீராய்டும் நன்றாகப் போய்ச் சேரும். அடைத்த மூக்கில் அடித்தால் அது வாசலிலேயே நின்று வழிந்துவிடும்.

இந்தச் சேர்க்கைக்கு ஆதாரமும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டியில் வைத்தியநாதன், லிப்வொர்த் முதலானோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சுகமான 19 பேர் ஆக்சிமெட்டசோலினை நாளுக்கு மூன்று முறை 14 நாள் அடித்தார்கள். மருந்தின் பலன் குறைந்ததும் வீக்கம் திரும்பியதும் அளவில் தெரிந்தன. பிறகு புளூட்டிகசோனைச் சேர்த்து மூன்று நாள் அடித்ததும் இரண்டும் சரியாகின. அடுத்த வருடம் சிகாகோவில் ஃபுவாட் பரூடியும் குழுவினரும், வருடம் முழுக்க ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டோடு நாளுக்கு ஒருமுறை ஆக்சிமெட்டசோலினும் கொடுத்து நான்கு கிழமை பார்த்தார்கள். தனித்தனியாகக் கொடுத்ததைவிடச் சேர்த்துக் கொடுத்ததில் அடைப்பு நன்றாகக் குறைந்தது. இதைப் படித்துவிட்டு வீட்டில் தானாக நான்கு கிழமை அடிப்பது சரியல்ல. அது மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது. நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று. விரைவு மருந்து தனியாக நாட்கணக்கில் நிற்கக் கூடாது. நிற்க நேர்ந்தால் பக்கத்தில் ஸ்டீராய்டு இருப்பது நல்லது.

நான் சொல்லிக் கொடுக்கும் முறை இது. முதல் நாளிலிருந்தே இரண்டும். முதலில் மூக்கை மெதுவாகச் சீறுங்கள். முடிந்தால் உப்புநீர் ஸ்பிரேயால் கழுவுங்கள். பிறகு விரைவு மருந்தைத் துளைக்கு ஒன்று. ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுங்கள், மீண்டும் மெதுவாகச் சீறுங்கள். அதன்பின் ஸ்டீராய்டு. விரைவு மருந்தைப் பகலில் தேவையில்லை என்றால் இரவில் மட்டும் அடியுங்கள். ஐந்தாம் நாளோடு அது நிற்கட்டும். ஸ்டீராய்டு ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் தொடரட்டும்.

2005 முதல் டென்மார்க்கின் மருந்தகங்களில் இழுப்புக்காரரின் இன்ஹேலர் முறையைச் சரிபார்த்துக் கொடுக்கும் சேவைக்கு அரசு பணம் கொடுக்கிறது. அங்கே பழகிய கண் எனக்கு மூக்கு ஸ்பிரேயிலும் உதவுகிறது. “எப்படி அடிப்பீர்கள் என்று காட்டுங்கள்” என்று வெறும் மாதிரிப் போத்தலைக் கையில் கொடுப்பேன். பலர் தலையைப் பின்னால் சாய்த்து, வலக்கையால் வலத் துளையில் வைத்து, நடுச்சுவரைப் பார்த்து அடித்து, சத்தம் வர உறிஞ்சுவார்கள். அப்படி உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். நடுச்சுவரில் தொடர்ந்து பட்டால் அங்கே காய்ந்து இரத்தம் கசியும். தலையைச் சற்று முன்னே குனியுங்கள். வலத் துளைக்கு இடக்கை, இடத் துளைக்கு வலக்கை. கை மாறினாலே நுனி தானாக வெளிப்பக்கம், அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். அடிக்கும்போது மெதுவாக மூச்சிழுங்கள். அடுத்த கால் மணி நேரம் சீற வேண்டாம். “ஸ்டீராய்டு அடிச்சு இரத்தம் வருது” என்று நிறுத்த வந்த பலருக்குக் கையை மாற்றியதே போதுமாக இருந்தது.

பூந்தாது ஒவ்வாமைக்காரருக்கு நாட்காட்டியும் ஒரு மருந்து. இங்கே ஏப்ரல் கடைசியும் மேயும் பேர்ச் மரத்தின் காலம், ஜூனும் ஜூலையும் புல்லின் காலம். கொப்பன்ஹேகனிலும் வீபோரிலும் நாள்தோறும் பூந்தாதை எண்ணி அறிவிக்கிறார்கள். எண்ணிக்கை ஏறும் வரை காத்திருக்காமல் ஓரிரு கிழமை முன்பே ஸ்டீராய்டைத் தொடங்கினால், விரைவுப் போத்தலைத் தொடவே தேவையில்லாத வசந்தமும் வரும்.

பெட்டியைக் கொடுக்குமுன் கேட்பவை

விரைவு மருந்து மூக்கின் நாளத்தை மட்டும் சுருக்கி நின்றுவிடும் என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது. ஆகவே கேட்பேன்: இரத்த அழுத்தம் உண்டா, இருதய நோய் உண்டா, தைராய்டு கூடுதலா, கண் அழுத்த நோய் உண்டா, சிறுநீர் கழிக்கச் சிரமமா, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறீர்களா? சில பழைய மனச்சோர்வு மருந்துகளோடு இது சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஏறக்கூடும். தடிமனுக்கு எபெட்ரின் குடும்பத்து மாத்திரை ஏதும் ஊரிலிருந்து கொண்டுவந்து போடுகிறீர்களா என்றும் கேட்பேன். கர்ப்பிணி என்றால் முதலில் உப்புநீர், பிறகு மருத்துவரின் சொல்.

ஸ்டீராய்டுக்கும் கேள்விகள் உண்டு. சமீபத்தில் மூக்கில் அறுவைச் சிகிச்சை நடந்ததா? அடிக்கடி மூக்கிலிருந்து இரத்தம் வருமா? கண்ணில் அழுத்தமோ புரையோ உண்டா? இழுப்புக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரும் தோலுக்கு ஸ்டீராய்டு களிம்பும் பாவிக்கிறீர்களா? எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். எச்ஐவிக்குக் கொடுக்கும் ரிட்டோனவிர் போன்ற மருந்துகள் புளூட்டிகசோனை உடம்பில் தேங்கச் செய்துவிடும். அவர்களை மருத்துவரோடு பேசாமல் விடமாட்டேன். பிள்ளைகள் நீண்ட நாள் பாவித்தால் உயரத்தை அளந்து பார்க்கச் சொல்வேன்.

சிலருக்கு எந்தப் போத்தலும் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறேன். ஒரே பக்கம் அடைத்து இரத்தமும் வருகிறது, மணமே தெரியவில்லை, முகத்தில் வலியோடு காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம் என்றால் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போக இந்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்ப மருத்துவரின் கடிதம் தேவையில்லை. நேரே நேரம் எடுக்கலாம். பல வருடம் இங்கே வாழ்ந்தும் இதை அறியாதவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்வதும் என் வேலை என்று கருதுகிறேன்.

விடுபடுதல்

பஸ் ஓட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். சட்டைப்பையில் ஒரு போத்தல், பஸ்ஸில் ஒன்று, கட்டில் பக்கத்தில் ஒன்று. “அதில்லாட்டி நித்திரை வராது பிள்ளை, மூச்சு நிண்டுபோகும் எண்டு பயம்” என்றார். பல வருடப் பழக்கம். இரத்த அழுத்த மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்பிரேயை இன்றோடு விடுங்கள் என்று சொல்லியிருந்தால் அவர் அடுத்த தெருக் கடையில் வாங்கிக்கொண்டிருப்பார்.

முதலில் குடும்ப மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார். நான் கவுண்டரில் செய்தது, நாட்களைப் பிரித்துக் கொடுத்தது. ஸ்டீராய்டு இரண்டு துளைக்கும் தினமும். விரைவு மருந்தை முதலில் ஒரு துளைக்கு மட்டும் நிறுத்துங்கள், மற்றத் துளைக்கு இரவில் இருக்கட்டும். மூச்சு நின்றுபோகாது என்ற தைரியம் அந்த ஒரு துளையில் கிடைக்கும். நிறுத்திய துளை சில நாள் இறுக அடைக்கும், பிறகு தளரும். அது திறந்த பிறகு மற்றதையும் நிறுத்துங்கள். தலைமாட்டை உயர்த்திப் படுங்கள், படுக்குமுன் உப்புநீரால் கழுவுங்கள். முதல் கிழமை கஷ்டம் என்பதை மறைக்காமல் சொன்னேன். “கஷ்டம் எப்ப முடியும் எண்டு தெரிஞ்சால் தாங்கலாம்” என்றார். நிறுத்தும் தேதியைப் பெட்டியில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

பிறகு அவர் வந்தபோது ஸ்டீராய்டு மட்டும் வாங்கினார். அவரோடு வந்த மனைவி, வீட்டில் இப்போது எல்லோரும் நித்திரை கொள்வதாகச் சொன்னார். இப்படி எல்லோருக்கும் முடிவதில்லை. மூக்கின் நடுச்சுவர் வளைந்திருந்தாலோ உள்ளே சதை வளர்ந்திருந்தாலோ ஸ்பிரேயால் மட்டும் தீராது. நிபுணர்தான் பார்க்க வேண்டும். ஆனால் விரைவு மருந்தை விட முயலும்போதுதான் அடியில் இருக்கும் உண்மையான நோய் வெளியே தெரிகிறது. அதற்காகவும் அந்த முயற்சி தேவை.

அன்றிலிருந்து விரைவு மருந்தை வாங்கும் ஒவ்வொருவருக்கும் பெட்டியில் இரண்டு தேதி எழுதுவது என் வழக்கம்: திறந்த நாள், நிறுத்தும் நாள். ஸ்டீராய்டு பெட்டியில் தொடங்கிய நாளும், பலனைப் பற்றி முடிவு செய்ய இரண்டு கிழமை கழித்து வரும் நாளும். வாங்குகிறவர் எந்த மொழி வாசிப்பாரோ அந்த மொழியில் எழுத முயல்வேன். எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்கிறேன். மருந்தின் பெயர் வாடிக்கையாளருக்கு மறந்துபோகும். அடிக்கும் முறையிலும் பாதி மறந்துபோகும். தேதி மட்டும் பெட்டியிலேயே நிற்கும். வீட்டில் இன்னொருவர் கண்ணிலும் படும்.

இதை வாசிக்கிறவர்கள் வீட்டிலும் ஒரு போத்தல் இருக்கும். எடுத்துப் பாருங்கள். சைலோமெட்டசோலின் அல்லது ஆக்சிமெட்டசோலின் என்று இருந்தால், இன்று எத்தனையாவது நாள் என்று கணக்கிடுங்கள். ஐந்துக்குள் என்றால் நிறுத்தும் நாளை இப்போதே எழுதுங்கள். பத்தைத் தாண்டியிருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. மருந்தகத்துக்கு வந்து, எவ்வளவு காலமாக அடிக்கிறீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நிறுத்துவதற்கு வழி இருக்கிறது, அதைச் சொல்லித் தர ஆட்களும் இருக்கிறார்கள்.